ஒரே தட்டு

கீழ்வீட்டுக் குடும்பம் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அவர்களுடைய கினிப்பன்றி மாடியேறி எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்தது. வெள்ளை நிறம், தரையைத் துடைக்கிற அளவுக்கு முடி. கூண்டை என் கையில் கொடுத்த ஒன்பது வயதுப் பெண், "ரெண்டு வருஷத்துல வந்து வாங்கிக்கறேன் மிஸ்" என்றாள். பத்திரமாக வைத்திருப்பேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். கூண்டின் மேல் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: தனித் தட்டு, தனித் தண்ணீர், முதல் மாதம் தனிக் கூண்டு.

ஏற்கெனவே எங்களிடம் பழுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்த என் கணவரின் நண்பர், வீட்டுக்காரர் பிராணி கூடாது என்றதும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டும் ஆண்.

தாளைப் படித்துச் சிரித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவள் நான். என் வகுப்பில் இரண்டு பேர் சண்டை போட்டால் ஒரே தண்டனைதான். ஒரு வாரம் ஒரே பெஞ்சு, மதியம் இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் சத்தம் அடங்கிவிடும். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

முதல் நாளே இரண்டையும் ஒரே கூண்டில் விட்டேன். குளத்தங்கரையில் பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல்லை வாங்கி வந்து ஒரே தட்டில் வைத்தேன். பழுப்பு பல்லைக் கடகடவென்று அடித்தது. வெள்ளை தட்டுக்குக் கிட்டே வந்தால் பாய்ந்தது. மறுநாள் கூண்டெல்லாம் வெள்ளை முடி.

"பிரிச்சு வெச்சுடேன். அந்தக் குழந்தை எழுதியிருக்காளோல்லியோ" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்கோ. ஒரு வாரத்துல வழிக்கு வந்துடும்."

வந்தது. ஐந்தாம் நாள் சத்தமே இல்லை. தட்டுக்கு ஒரு பக்கம் பழுப்பு, மறு பக்கம் வெள்ளை. போட்டோ எடுத்து, ரெண்டும் ராசியாயிடுத்து என்று அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். கணவரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது. "மிஸ், அது ஏன் சாப்பிடல? வாய்ல புல்லே இல்லையே."

வெள்ளையைத் தூக்கினேன். கையில் கனமே இல்லை. இடுப்புப் பக்கம் முடியை விலக்கினால் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம், ஈரம், நாற்றம்.

அடையாறில் கால்நடை டாக்டர் பார்த்தார். "கடிச்சு மூணு நாளாவது ஆகியிருக்கும்மா. இதுங்க வலிச்சா கத்தாது, சாப்பாட்டை நிறுத்திடும். நிறுத்திட்டா ரொம்ப நேரம் தாங்காது." சீழை எடுத்தார், ஊசி போட்டார். தீவனத்தைக் கரைத்து சிரிஞ்சில் கொடுக்கச் சொன்னார். கொடுத்ததெல்லாம் வாயோரம் வழிந்தது. மறுநாள் மதியம், சுற்றியிருந்த துண்டோடு என் மடியிலேயே செத்துப்போனது.

அப்படியே உட்கார்ந்திருந்தபோது ஒரு தாயின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பெண் ஒரு வாரமாகப் பட்டினியாகத் திரும்பி வருகிறாள், இளைத்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னவள். உங்கள் பெண் இப்போதெல்லாம் யாருடனும் சண்டையே போடுவதில்லை என்று நான் பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ. நினைக்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஜெர்மனிக்குப் போன் செய்தேன். வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மெட்ராஸ் வெயிலைச் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"செத்துப்போச்சும்மா" என்றேன்.

"தனித் தட்டு வெச்சீங்களா மிஸ்?"

"இல்லை" என்றேன்.