கூஜா மார்க் பல்பொடி

என் பல்பொடியால் ஈறு கிழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி எங்கள் வாசலுக்கு வந்தாள். அதுவரை அப்படியொரு சொல்லை நான் யாரிடமும் கேட்டதில்லை. திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் தெருவிலேயே ஆறாவது வீட்டு மாமி அவள். வாயைத் திறந்து காட்டினாள். கீழ் ஈறு வீங்கிச் சிவந்து, நடுவில் ஒரு கீறல் விழுந்திருந்தது.

“உங்காத்துப் பொடின்னுதானே கண்ணை மூடிண்டு தேச்சேன்? செங்கல்லையா இடிச்சுப் போட்டேள்?”

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே சங்குப் படம் இருந்தது. காகிதமும் அதே மஞ்சள். ஆனால் மடிப்பு என் மடிப்பு இல்லை. நான் ஓரத்தை இரண்டு தரம் மடித்து உள்ளே செருகுவேன். இது பசை போட்டு ஒட்டியது. பொடியை விரலில் எடுத்து நசுக்கினேன். நறநற என்றது.

“இது என் பொடி இல்லை.”

“சங்கு இருக்கே?”

“சங்கு இருந்தா? சங்கு போட்டதெல்லாம் என்னுதா?”

கோபத்தில் நான் சொன்ன அதே வார்த்தையை இரண்டு நாள் கழித்து ஒரு வக்கீலும் சொன்னார். அவர் அதை என்னைப் பார்த்தே சொன்னார்.

சங்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நெல் குத்திய உமி குவிந்து கிடக்கும். அதைக் கருக்கி, பழைய வேட்டித் துணியில் மூன்று தரம் சலித்து, வறுத்த உப்பும் மிளகும் கிராம்பும் துளி சூடமும் சேர்த்து இடித்துப் பல் தேய்ப்போம். அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு கடைக்காரர்கள் கேட்டார்கள். என் அகத்துக்காரர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் தம் பேரில் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் எல்லாம் என் பேரில் நடந்தது. அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

பொட்டலத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றானபோது சாமி படம் கூடாது என்று நான்தான் சொன்னேன். பல் தேய்த்த பிறகு காகிதத்தைப் படித்துறையில் எறிவார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் அதை மிதிப்பார்கள். அவர் யோசித்து யோசித்து, ஒரு சாயங்காலம் கச்சேரியிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்தார். அதன்மேல் எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, உறையிலிருந்த சங்கை அப்படியே எழுதி எடுத்தார். திருவனந்தபுரத்தில் அப்போது எங்கே திரும்பினாலும் சங்குதான். அஞ்சல் பெட்டியில் சங்கு, முத்திரைக் காகிதத்தில் சங்கு, சிப்பாயின் இடுப்புப் பட்டையில் சங்கு. மங்கலமான வஸ்து, எல்லாரும் அறிந்தது, இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மூன்று வருஷம் அந்தச் சங்கோடு என் பொடி கடை கடையாகப் போயிற்று. இப்போது சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு வியாபாரி அதே சங்கைப் போட்டுச் செங்கல் தூளை விற்கிறான் என்று தெரிந்தது.

மார்க்கை ரிஜிஸ்டர் செய்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று யாரோ அகத்துக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருமாக வக்கீல் வீட்டுக்குப் போனோம். வெளியிடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பதால் பித்தளைக் கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். வக்கீல் மலையாளி, தமிழும் நன்றாகப் பேசுவார். என் பொட்டலத்தையும் அவன் பொட்டலத்தையும் மேஜைமேல் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

“இது ஆருடைய சங்கு?”

“எங்களோடது” என்றேன்.

“மகாராஜாவோட சங்கு எப்ப அம்மாளே உங்களோடதாச்சு?”

நான் அகத்துக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“சாமி, ஆரு வரைஞ்சது?”

“நான்தான்.”

“எதைப் பார்த்து?”

“ஆபீஸ் உறை...”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “பேஷ். சர்க்கார் குமாஸ்தா, சர்க்கார் உறையிலிருந்து சர்க்கார் முத்திரையை எடுத்துப் பொண்டாட்டியோட பல்பொடியில ஒட்டியாச்சு. இனி அதைச் சர்க்கார் கச்சேரியிலேயே கொண்டுபோய்ப் பதியணும், அப்படித்தானே? சாமிக்கு உத்தியோகம் மடுத்து அலுத்துப் போச்சோ?”

அகத்துக்காரருக்கு வேர்த்துவிட்டது. எனக்கோ கோபம் அடங்கவில்லை. “அப்போ அந்தச் சாலைக்காரன் திருடினது?”

“திருடினான்தான். ஆனா உங்க சொத்தைத் திருடல்லை கேட்டோ. சங்கு போட்டதெல்லாம் உங்களுதா?”

சங்கை விட்டால் மூன்று வருஷமாகச் சேர்ந்த நம்பிக்கையை விட்டதாகும். விடாவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. செங்கல் தூளும் என் பொடி என்ற பேரிலேயே ஊர் வாயில் போகும். ஒரு பாத்திரத்தைத் தேய்த்து வைத்தால்கூட யார் தேய்த்தது என்று கேட்கும்படி வைக்கிறவள் நான். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, எனக்கென்று ஊரில் இருந்த பேர் கையைவிட்டு நழுவுகிறதுபோல் இருந்தது.

“வேற மார்க் போடுங்கோ” என்றார் வக்கீல். “சங்குக் காகிதத்தை இன்னையோட நிறுத்துங்கோ.”

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பல் வரிசை? பல்பொடி விற்கிற எல்லாரும் பல் வரைவார்கள், அதை ஒருத்தருக்கு மட்டும் பட்டா போட முடியாது என்றார். கரமனைப் பல்பொடி? கரமனையில் இருக்கிற எவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். முதல்தரப் பல்பொடி? தம் சரக்கை மட்டம் என்று சொல்லி விற்கிறவர் யார்?

“பல்லுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கப்படாது அம்மாளே. வேற பொடிக்காரன் நல்லவனா இருந்தா, அவனுக்கு அதைத் தொடவே தோணப்படாது. அதாக்கும் நல்ல மார்க்.”

பேசிப் பேசித் தொண்டை வறண்டு, கூஜாவின் மூடியைத் திருகித் தண்ணீர் சாய்த்துக்கொண்டேன். கீழே வைத்தபோது அதையே பார்த்தேன். உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, திருகு மூடி, மேலே தூக்குப்பிடி. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

“இந்தக் கூஜா?”

அகத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏண்டி, பல்பொடியில கூஜாவா? ஜனங்க சிரிப்பா.”

“சிரிக்கட்டுமே. சிரிச்சாத்தானே பல்லு தெரியும்?”

வக்கீல் மேஜையைத் தட்டினார். “பாத்திரக்கடைக்காரன் வந்து கூஜா என் மார்க்னு சொன்னா நான் அவனை விரட்டிருவேன். பல்பொடிக்காரி சொன்னா, அது அவளுக்கேயாக்கும். இதை விட்ராதீங்கோ.”

மார்க்குக்கென்று தனிச் சட்டமும் ஆபீசும் பிற்பாடு வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் காரியம் நடந்த நாளில், இந்த மார்க் என்னுடையது, நானே யோசித்தது, இன்ன சரக்குக்குப் போடுகிறேன் என்று சத்தியப் பத்திரம் எழுதி, படத்தை ஒட்டி, ரிஜிஸ்டர் கச்சேரியில் பதிய வேண்டும். பிறகு பத்திரிகையில் ஊரறிய எச்சரிக்கை போட வேண்டும். பழைய காகிதமெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போன பிறகு, புதுப் படத்தோடு கச்சேரிக்குப் போனோம்.

பதிகிற அதிகாரி என் பேரைக் கேட்டார், சொன்னேன். பிறகு, “பர்த்தாவின் பேர்?” என்றார்.

கட்டினவர் பேரை வாயால் சொல்கிற பழக்கம் எங்களுக்கு ஏது? பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவரானால், சர்க்கார் மனுஷர் கண்ணில் படக்கூடாது என்று தூண் மறைவில் நின்றுகொண்டு, எனக்கும் அவருக்கும் ஒன்றுமே இல்லாததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேரு தெரியாதோ?” என்றார் அதிகாரி.

“தெரியும். அதோ தூணுக்குப் பின்னாடி நிக்கறது.”

கச்சேரியே சிரித்தது. அவர் முன்னால் வந்து தம் பேரைத் தாமே சொல்ல வேண்டியதாயிற்று. விரல் ரேகை வைக்கலாம் என்றார்கள். முடியாது, கையெழுத்துத்தான் போடுவேன் என்றேன். எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம்தான். ஆனாலும் என் மார்க்குக்கு என் எழுத்துத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி முடிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

புதுக் காகிதத்தைக் கண்டு கடைக்காரர்கள் தயங்கினார்கள். சங்கு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொல்லக் கடைக்குக் கடை ஓட முடியாது. ஜனங்கள் பல் தேய்க்கிற இடத்துக்கே போவது என்று முடிவு செய்தேன். விடிந்ததும் கரமனை ஆற்றுப் படித்துறைக்குப் போய், பொட்டலத்தைப் பிரித்து, குளிக்க வருகிறவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைப்பேன், படத்தையும் காட்டுவேன்.

“எந்தா மாமி, வெள்ளம் குடிக்கிற பாத்திரத்தை வச்சுப் பல்லு தேய்க்கவா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமாண்டி, தேச்சப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டாமா?”

படித்துறை முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே எனக்கு விளம்பரமாயிற்று. ஒரு மாசத்துக்குள், கடையில் போய் நின்று கூஜாப் பொடி என்று கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் சாலைக்காரனும் சங்கை விட்டான். விட்டுவிட்டு, கிண்டியைப் போட்டான். இந்த ஊரில் கால் கழுவ வாசலில் வைப்பார்களே, அந்த மூக்கு வைத்த செம்பு. அதே மஞ்சள் காகிதம், அதே இடத்தில் படம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அவன் பயப்படவில்லை, நேரே வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டான். நானும் இருந்தேன். நாஞ்சில் நாட்டுப் பக்கத்து மனுஷன், வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பேச்சில் மரியாதை.

“அம்மா, கிண்டிக்கு மூக்கு உண்டு. கூஜாவுக்கு மூக்கு உண்டா? பின்னே ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்லுதீங்க?”

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தில் மூக்கைத் தேடினார். வாய்ச்சண்டையில் அவன் சொன்னது சரிதான். எனக்குத்தான் பதில் தெரிந்தது. எழுத்தைப் படித்துப் பொருள் வாங்குகிறவளாக நான் என்றைக்கு இருந்தேன்? தீப்பெட்டியோ சோப்போ, தூரத்தில் தெரிகிற உருவத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் கை நீட்டுவேன். மூக்கு இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு நிற்க மாட்டேன்.

“நாளைக்குக் காலம்பற படித்துறைக்கு வாங்கோ. அங்கே கேப்போம்.”

வந்தான். வக்கீலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் வாயே திறக்கவில்லை. அவன் பொட்டலத்தை அவனே கையில் பிடித்து, வருகிறவர்களிடம் இது என்ன என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. துணி வெளுக்கிறவள் மூட்டையை இறக்காமலே, “கூஜாப் பொடியில்லா?” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோயிலில் மாலை கட்டுகிறவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “நம்ம மாமி பொடி. ஒரு சிட்டிகை குடும்” என்று கையை நீட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரு பெண் மட்டும் பேரைப் படித்துவிட்டு, இது வேறே என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? சரியாச் சொல்லுது!”

“அவளுக்கு வாசிக்கத் தெரியும். மார்க்கே வேண்டாம் அவளுக்கு” என்றார் வக்கீல். “மத்த ரெண்டு பேருக்குத்தான் மார்க்.”

மாலை கட்டுகிறவர் அதற்குள் அந்தப் பொடியை வாயில் போட்டுத் தேய்த்து, தூ தூ என்று துப்பினார். “என்ன மாமி இது, மண்ணு?” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த வியாபாரியின் முகத்தைப் பார்த்தேன். அவன் பொடிக்கு அவன் எதிரிலேயே நான் திட்டு வாங்கியது அவனுக்கே பொறுக்கவில்லை. குனிந்து ஆற்றில் கையைக் கழுவிக்கொண்டான்.

“நான் என்னத்தம்மா போடணும்?” என்று கேட்டான்.

“என்னைக் கேட்டா? உமக்குன்னு ஒண்ணைத் தேடும். அது நன்னா இருந்தாலும் உம்ம பேரு, கெட்டாலும் உம்ம பேரு. பல்லு வேண்டாம், சங்கு வேண்டவே வேண்டாம்.”

பதினைந்து நாளில் ஏணிப் படத்தோடு வந்தான். பொட்டலத்தின் நிறமும் பச்சை. அதே வக்கீல், அதே ரிஜிஸ்டர் கச்சேரி. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்களாம். ஒருவர் கிடைத்தார், இன்னொருவருக்கு அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அகத்துக்காரர் போக வேண்டாம் என்றார். நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். தன் ஏணியை அவன் பத்திரத்தில் ஒட்டிவிட்டானானால் என் கூஜாவின் பக்கம் வர அவனுக்கு வேலையில்லை. சாட்சி போட்டவளுக்கும் அது நல்லதுதானே?

வெளியே வந்ததும் ஒரு ஏணிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தான். மறுநாள் காலையில் படித்துறையில் எல்லாரும் பார்க்க அதைத்தான் தேய்த்தேன். ஈறு கிழியவில்லை. கல் இல்லை, மண் இல்லை, நன்றாகச் சலித்திருந்தான். கிராம்பு மட்டும் சற்றுக் குறைச்சல். அதை அவனுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை.