எட்டாத கால்

தனசிங் ஐந்தடி ஒரு அங்குலம். தாம்பரத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மெக்கானிக். ஊரப்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் பதினோரு வருஷம் சைக்கிள் மிதித்துக் கிணறு கிணறாகப் போனவர். அந்த லைனில் அவர் கை படாத மோட்டார் கிடையாது.

1972-இல் கம்பெனி சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு புல்லட்டைக் கொடுத்தது. மூன்று மாதத்தில் ஓட்டிக் காட்டாதவனுக்கு லைன் போச்சு. ஷெட்டுக்குள் உட்கார்ந்து ஸ்பேனர் துடைக்க வேண்டியதுதான். வண்டிக்கு ஏற்ற ஆள் வேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தனசிங்கும் திறக்கவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஓட்டுவதில் அவருக்குப் பயமில்லை. நிறுத்துவதில்தான். பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. அதனால் மைல்கல், மதகுச் சுவர் என்று கால் ஊன்றக் கல் இருக்கிற இடமாகப் பார்த்தே நிறுத்தினார். பிறகு செருப்புக்கு அடியில் இரண்டு அங்குலத்துக்கு டயர் வைத்துத் தைத்தார். அந்தக் கனத்தில் பிரேக் எங்கே இருக்கிறதென்றே காலுக்குத் தெரியவில்லை. ஊரப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டியோடு சாய்ந்தார். சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டது.

"இன்னா நைனா, எறங்க ஏணி கொண்டாரட்டா?" என்றான் ஒரு வண்டிக்காரன். கேட்டில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

மனைவி புஷ்பம் பள்ளிக்கூட டீச்சர். மருந்து தடவிக்கொண்டே சொன்னாள்: "கால் எட்டலன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்களேன்."

"சொன்னா அதையே சாக்கா வெச்சு ஷெட்டுக்குள்ள தள்ளிடுவாங்க. நீ சும்மா இரு."

பரீட்சை நாளன்று சூப்பர்வைசர் சுந்தரராமன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. கேட்டில் நிறுத்தச் சொன்னார். தனசிங் நிறுத்தினார். இரண்டு பாதமும் தரையில் அழுந்தின. தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"பாஸ்யா! இதுக்கா இப்படி நடுங்கினீர்?"

வீட்டில் சொன்னபோது புஷ்பம் சிரிக்கவில்லை. "அவர் கனத்துக்கு ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். நாளைக்குப் பின்னாடி யார் உக்காருவா?"

மெக்கானிக்குக்கு அது உறைத்திருக்க வேண்டும். பாஸானவனுக்கு எங்கே உறைக்கும்!

மறுநாள் அதே கேட். கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. தனியாள். முன்பிரேக்கைக் கையால் இறுக்கி, இடுப்பைச் சீட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, இடது காலை மட்டும் ஊன்றினார். நின்றது. பெட்டி பெட்டியாகப் போய் முடிகிறவரைக்கும் தொடை வெடவெடத்தது. விழவில்லை. ஆனால் ரிட்டயராகிற வரைக்கும் ஒற்றைக் காலிலா?

வண்டியைத் திருப்பினார். ஷெட்டில் சீட்டைக் கழற்றிக் கொண்டுபோய் சுந்தரராமன் மேஜைமேல் வைத்தார்.

"என்னய்யா இது?"

"இதை ரெண்டு இஞ்சு வெட்டித் தரணும் சார். எனக்குக் கால் எட்டல."

"நேத்து எட்டித்தே!"

"நேத்து பின்னாடி நீங்க இருந்தீங்க."

சுந்தரராமன் முகம் கறுத்தது. "நான் போட்ட பாஸை நானே கோடு போட்டு அடிக்கணும். தெரியுமோ இல்லையோ?"

"அடிங்க சார்."

அடித்தார். தனசிங் ஷெட்டுக்குள் போனார். அந்த வாரம் புஷ்பத்தின் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் இன்னும் இரண்டு மெக்கானிக்குகள் தங்கள் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அதே மேஜைக்கு வந்தார்கள். தனசிங் அவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வண்டி ஓடாமல் நின்ற பிறகுதான் கம்பெனி சீட் தைக்கிறவனைக் கூப்பிட்டது.

அதற்குள் ஊரப்பாக்கம் லைனை உயரமான ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தனசிங்குக்குக் கிடைத்தது கீழ்க்கட்டளைப் பக்கம். ஒரு கிணறும் தெரியாது, ஒரு முகமும் தெரியாது. முதல் நாள் வழி கேட்க நாலு இடத்தில், கல் தேடாமல், வண்டியை நிறுத்தினார்.