மூடிய கையில் ஒரு பிடி மஞ்சள்

ஆடி மூன்றாம் வெள்ளி, காலை 5.10. செந்துறையில் டவுன் பஸ் ஏறினோம். அரியலூர் பதினெட்டு கிலோமீட்டர். எனக்குப் பதினான்கு ரூபாய், மனைவி கற்பகத்துக்கு இலவசச் சீட்டு. அங்கே பஸ் மாறி, 7.05க்குப் பெரம்பலூர். நான் காபி குடித்தேன், பதினைந்து ரூபாய். கற்பகம் விரதம். பூலாம்பாடி பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, குன்றடிக் கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்.

அபிஷேகம் முடிந்ததும் அம்மன் மேனியில் வழித்த மஞ்சளைப் பூசாரி ஆளுக்கு ஒரு பிடி தருவார். கொண்டுபோய் விதையோடு கலந்து வைப்பது வழக்கம். கற்பகத்தின் அக்காள் கணவர் தனபால், பூலாம்பாடிக்காரர், பதினோரு வருடமாக முதல் ஆளாக வாங்குகிறார். அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து எங்களுக்குத் தருவார். அவருடைய மக்காச்சோளம் நன்றாக விளைந்த நான்கு வருடங்களிலும் என் கடலை காய்ந்துபோனது. டைரியில் இரண்டையும் அருகருகே எழுதி வைத்திருக்கிறேன்.

9.15. தனபால் கோயில் வாசலில், விழாக் குழு பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றார். ஏற்கெனவே வாங்கிவிட்டார், வலது கை மூடியிருந்தது.

"வாங்க சகலை. இப்ப வரிசையில நிக்காதீங்க. வாசல் ஒண்ணுதான், வாங்குனவங்களும் இதுலயேதான் வெளிய வரணும். புளியமரத்தடியில உக்காருங்க. எப்பவும்போல நான் கொண்டாந்து தரேன்."

அந்த 'எப்பவும்போல' என்னைச் சுட்டது.

"மாமா சொல்றாருல்ல, உக்காருவோங்க" என்றாள் கற்பகம். நான் அவள் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்துப் போனேன்.

எங்களுக்கு முன்னால் மீன்சுருட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா. "என்னங்க, வாட்சையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அம்மன் லேட்டா வந்தா சம்பளத்தைப் புடிச்சிருவீங்களா?" கற்பகம் சிரித்தாள். விரதம் என்று தெரிந்ததும் அந்த அம்மா எங்களை முன்னே விட்டார்.

10.40. என் கையில் மஞ்சள் விழுந்தது. அதே நேரம் பின்னாலிருந்து, "மஞ்சள் தீரப்போவுதாம்" என்று ஒரு குரல். கூட்டம் உள்ளே அழுத்தியது. வாங்கியவர்கள் வெளியே வர முட்டினார்கள். யாருக்கும் வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. எல்லாக் கையும் மூடியிருந்தது. விழுந்தவர்களும் மூடிய கையோடுதான் விழுந்தார்கள்.

கற்பகம் சரிந்தாள். நான் இடது கையை நீட்டினேன். வலது கையைத் திறக்கவில்லை. அவள் விரல்கள் நழுவின.

தடுப்பின் மேல் ஏறி நின்ற தனபால் குனிந்து, இரண்டு கையாலும் அவளைத் தூக்கினார்.

10.52க்குக் கூட்டம் கலைந்தது. மீன்சுருட்டி அம்மா எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முகத்தை மூடினார்கள். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புளியமரத்தடியில் கற்பகம் என் மூடிய கையைப் பார்த்தாள். பிறகு, "அந்த மஞ்சளை மாமாகிட்ட குடுங்க. அவரு கையில இப்ப ஒண்ணுமில்ல" என்றாள். கொடுத்தேன். தனபால் ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"எங்களுக்கு இது போதும் சகலை."

மாலை 4.50, பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ். மீதி மஞ்சள் என் சட்டைப்பையில். ஜன்னலோரம் கற்பகம் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். அவளுடைய ஒரு மணிக்கட்டில் தனபாலின் விரல்கள் மஞ்சளாகப் பதிந்திருந்தன. செந்துறை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதும் எனக்கு அவர்மேல் பொறாமைதான்.