அப்பளக் குழவியில் சுற்றிய ரேடியோ

ரேடியோ வேலையில் கை வைக்கிறவர்களுக்கு முதலில் சுடுவது விரல், அப்புறம் காது. விரலை சால்டரிங் அயர்ன் சுடும்; காதைப் பார்க்கிறவர்கள் பேச்சு சுடும். யாரிடமும் படிக்காமல், பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாக மல்லுக்கட்டிய என் இனத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குத் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, வீடு ஸ்ரீரங்கம். நாள் முழுக்க ஊரார் குரலைக் கம்பி மாற்றிக் கம்பி மாற்றிக் கொடுத்தவளுக்கு, கம்பியே இல்லாமல் குரல் எப்படி வருகிறது என்று பார்த்துவிட ஆசை வந்தது. காந்தி மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருந்த காசிம் பாயிடம் ஒரு கிழிந்த இங்கிலீஷ் புத்தகமும், மிலிட்டரியில் கழித்துப் போட்ட ஹெட்போனும் வாங்கினேன். கரண்டும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம், கம்பியைச் சுற்றிச் செய்கிற ஒரு காயிலும் ஒரு டயோடும் இருந்தால் பாடிவிடும் என்று அதில் ஒரு செட் போட்டிருந்தது. பிடித்துக்கொண்டேன்.

லைசென்ஸ்

அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருந்தால் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். திருட்டுத்தனம் எனக்கு ஆகாது. அதனால் ஒரு கம்பி சுற்றும் முன்பே போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர், "என்ன மேக்குங்க?" என்றார். "சொந்தமா பண்றதுங்க" என்றேன். "யாரு பண்றாங்க?" "நான்தான்." "செட்டு எங்கே?" "இனிமேதான் பண்ணணும்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! நான் நகரவில்லை. கடைசியில் எழுதி, முத்திரையைக் குத்தி நீட்டியவர் சொன்னார்: "புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல பேரு எழுத வந்த ஆளு நீங்க ஒருத்தர்தாங்க!"

பவுடர் டப்பா

காயிலை உருண்டையான குழல் மேல் சுற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எந்தக் குழல் என்பது அடுத்த பக்கத்தில். அந்தப் பக்கம் எந்தக் கடலைக்காரர் கையில் பொட்டலமாய்ப் போயிற்றோ! காலியான தகரப் பவுடர் டப்பா ஒன்று கண்ணில் பட்டது. நூறு சுற்று சுற்றினேன். நாலு சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சுக்கூட விடவில்லை அது. ஐந்தாம் நாள் வந்த எரிச்சலில் எல்லாவற்றையும் பிரித்து, கைக்கு எட்டிய அப்பளக் குழவியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் பொருத்தினேன். காதில் ஏதோ லேசாகக் கீறியது! தகரத்தின் மேல் சுற்றினால் வருகிற சத்தத்தைத் தகரமே விழுங்கிவிடும் என்று நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

என் வீட்டுக்காரருக்கு மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் எஞ்சின் பார்க்கிற வேலை. மெஷின் என்று எதுவானாலும் தன்னைக் கேட்டுத்தான் தொட வேண்டும் என்று அவருக்கு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை அப்பளம் இடக் குழவி இல்லை என்றதும் மனிதர் குதித்தார்: "போகிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, அதுக்குள்ள இது வாயைத் திறக்கலைன்னா, போகி அன்னிக்கு மொத்தப் பெட்டியும் நெருப்புலதான்!"

கொண்டை ஊசி

பத்து நாள் என்றதும் எனக்கு அவசரம். அதுவரை முறுக்கி மட்டும் வைத்திருந்த டயோடை நன்றாகப் பற்ற வைத்துவிடலாம் என்று சால்டரிங் அயர்னை அழுத்தினேன். சூட்டில் டயோடு செத்தது. பெரிய கடைவீதியில் ஒரு ரேடியோ கடைக்குப் போனேன். முதலாளி தலைக்கு மேல் அவருடைய டிப்ளமா கண்ணாடி போட்டுத் தொங்கியது. "உங்க வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, அவர்கிட்ட விளக்கமா சொல்லித் தரேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "விளக்கம் வேண்டாங்க, டயோடு போதும்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதையும் கொன்றுவிட்டால் அந்த ஆள் முகத்தில் இன்னொரு தடவை முழிக்க வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை. சூடு டயோடுக்குள் ஏறும் முன்பே வழியில் வேறு இரும்பு அதைக் குடித்துவிட்டால்? கொண்டையிலிருந்து ஊசிகளை உருவி, டயோடின் இரண்டு காலிலும் கவ்வ விட்டுப் பற்ற வைத்தேன். பிழைத்தது! மறுநாள் ஊசிகளை மறந்து, கொண்டை அவிழ அவிழ டியூட்டியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தலையில இருந்ததெல்லாம் ரேடியோவுக்குப் போயாச்சு, இனிமே தலை ஒண்ணுதான் பாக்கி!"

போகி

போகிக்கு முதல் நாள் மாலை மொட்டை மாடியில் செப்புக் கம்பியை ஏரியலாக இழுத்துக் கட்டினேன். எங்கள் பக்கம் கம்பு நட இடம் போதவில்லை. அதனால் மறுமுனையைக் கேட்காமல் கொள்ளாமல் பக்கத்து வீட்டு மாமியின் மாடிக் கம்பத்தில் முடிந்துவிட்டேன். கீழே வந்து காதில் மாட்டினால், திருச்சி வானொலியில் செய்தி தெளிவாகக் கேட்கிறது! அழுதே விட்டேன். வீட்டுக்காரர் மில்லிலிருந்து நடுராத்திரி வருவதற்குள் அன்றைய நிகழ்ச்சி முடிந்துவிட்டது. "காலையில கேளுங்க" என்றேன்.

விடிந்தது. வாசலில் பழைய பாயும் முறமும் எரிய ஆரம்பித்தன. அவர் ஹெட்போனை மாட்டினார். ஒன்றுமில்லை. நான் மாட்டினேன். சுத்தம்! அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "ஒரு நிமிஷம் பொறுங்க" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினேன். அங்கே என் ஏரியல் மேல் மாமியின் ஒன்பது கஜப் புடவை, ஈரம் சொட்டச் சொட்ட, சுவரெல்லாம் புரண்டபடி காய்கிறது! வருகிற சத்தம் முழுவதும் புடவை வழியாகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

மடிப் புடவை, நான் தொட்டால் விழுப்பு, அதாவது தீட்டு; தொடக் கூடாது. தொட்டேன். இழுத்துச் சுருட்டிச் சுவர் மேல் போட்டுவிட்டுக் கீழே பாய்ந்து, அவர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கம்பிகளை மாட்டினேன். நாகஸ்வரம்! ஹெட்போனை அவர் காதில் வைத்து அழுத்தினேன். மனிதர் இரண்டு கையாலும் அதை இன்னும் அழுத்திக்கொண்டார். பிறகு பெட்டியைத் தானே உள்ளே தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் இடம் ஒதுக்கி, கம்பியோடு வைத்தார்.

அதற்குள் மாமி எங்கள் வீட்டுப் படியேறி வந்து, "என் மடியைத் தொட்டது யாரு?" என்று இரைந்தார். எனக்கா பயம்? "நான்தான் மாமி. என் கம்பியில ஏன் காயப் போட்டீங்க?" என்று கேட்டபடி ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். இரைச்சல் பாதியில் நின்றது. மாமி கண்ணை மூடிக்கொண்டார், தலை ஆடியது. கச்சேரி முடியும் போலிருக்கிறதே என்று நான் கழற்றப் போனேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார்: "விழுப்பு பட்டது பட்டாச்சு, முழுசாக் கேட்டுட்டே ஸ்நானம் பண்ணிக்கறேன், அதைக் கழட்டாதே!"

ஆக, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சண்டைகூட இல்லாமல் ரேடியோ செய்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதை அவர் கடையில் வாங்கினார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.