யாக்கோப்பர் நிற்காமல் போன இடம்

அரசாங்கத்துச் சுண்ணக்கல் அறிக்கையின் நாலாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சாரதி பே. யாக்கோப்பு, வயது நாற்பத்தெட்டு. இப்பகுதியின் சுண்ணக்கற் பள்ளத்தாக்குகளையும் மேட்டுநிலங்களையும் நன்கு அறிந்தவர். அறிந்த யாவற்றையும் மறைக்காது காட்டியவர். வன்னிச் சாரதிகளிடம் காணப்படும் மூடநம்பிக்கைகள் எவையும் இல்லாதவர்."

இதில் பெயரும் வயதும் சரி.

யாக்கோப்பர் முல்லைத்தீவில் ஒரு பழைய ஒஸ்டின் காரை வாடகைக்கு ஓடினவர். தகப்பன் பேதுரு கடல் தொழில். மகனுக்கோ வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி வரும். ஆகவே காட்டுப் பாதையில் ஓடுகிற தொழிலை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவர் விட்டதில்லை. விசுவமடுவுக்கு இந்தப் பக்கத்து வளைவில் ஐயனாருக்குக் குழை முறித்து வைப்பதையும் விட்டதில்லை. அந்த வழியால் போகிற எவரும் அங்கே இறங்கி, ஒரு சின்னக் கொப்பை முறித்து மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். வைக்காதவனை யானை மறிக்கும் என்பது கதை. பங்குச் சுவாமியார் இதைக் கேள்விப்பட்டு விசாரித்தபோது, குழை தனக்காக இல்லை, காருக்காக, அதற்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுபடவில்லை என்று யாக்கோப்பர் விளக்கம் சொன்னாராம். சுவாமியாரும் அந்தக் காரில்தான் போய்வருகிறவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, கொழும்பிலிருந்து பரமலிங்கம் என்ற உத்தியோகத்தர் வந்து காரைப் பிடித்தார். சுண்ணக்கல் கிடக்கும் இடங்களைப் பார்த்துப் படத்தில் குறிப்பது அவர் வேலை. கையில் படம், சுத்தியல், வன்னிக் காய்ச்சலுக்குப் பயந்து கொண்டுவந்த கொதித்தாறின தண்ணீர் இரண்டு போத்தல். பள்ளத்தாக்குகளையும் மேட்டுநிலங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கலாமா என்று கேட்டார். யாக்கோப்பர் யோசித்துப் பார்த்தார். விழுந்த மாடு தானாக ஏற முடியாத இடம் பள்ளத்தாக்கு, மார்கழி வெள்ளம் ஏறாத இடம் மேட்டுநிலம் என்று வைத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றார். பரமலிங்கம் அதைப் பகிடி என்று நினைத்தார்.

மத்தியானத்துக்குள் மூன்று ஓடைகளும் இரண்டு மேடுகளும் பார்த்தாயிற்று. எல்லாம் யாக்கோப்பர் தாமாகக் கொண்டுபோய்க் காட்டியவை. கல் இருந்தது, ஆனால் கொஞ்சம். பரமலிங்கம் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, எழுதிக்கொண்டார்.

நல்ல கல் இருந்த இடம் ஐயனார் வளைவுதான். குழைக் குவியலுக்குப் பின்னால் பற்றைக்குள் ஒரு ஓடை, ஆள் உயரத்துக்கு வெள்ளைக் கல்லை அறுத்துக்கொண்டு போகிறது. காருக்குள் இருந்தால் தெரியாது, இறங்கினால் தெரியும். அந்தக் கல்லுக்கு மேலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டின ஏரம்புவின் மூன்று ஏக்கர். இரண்டு கிணறு வெட்டி இரண்டும் உவர்த்து, மூன்றாவதில்தான் நல்ல தண்ணீர் கண்டவர். யாக்கோப்பரின் கார் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் ஓடியது. அதன் றேடியேற்றர் பத்து மைலுக்கு ஒருக்கால் தண்ணீர் கேட்கும்.

போன கிழமை வாளியைக் கொடுக்கும்போது ஏரம்புவின் மனைவி இராசமலர் சொல்லியிருந்தா: "வாற மாசம் காணிக் கச்சேரி அண்ணை. அரசாங்கத்து ஆக்கள் பேர் கூப்பிட்டுக் காணிக்குப் பேர்மிற் தருவினமாம். அதுக்கு முன்னம் ஆராவது வந்து இது அரசாங்கக் கல்லெண்டு படத்தில கீறினால், நாங்கள் திரும்பவும் சங்கக்கடைக்கு மூட்டை தூக்கத்தான் போகவேணும்."

யாக்கோப்பர் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டார்.

இப்போது வளைவு வந்தது. முன்னால் ஒரு மரலொறி நின்றது. லொறிக்காரப் பாலன் கையில் குழையோடு மரத்தடியில் நின்றான். யாக்கோப்பர் வேகத்தைக் குறைக்கவில்லை. லொறியைச் சுற்றி, ஒரு சில்லு பற்றைக்குள் இறங்க, காரை எடுத்தார்.

"என்ன யாக்கோப்பண்ணை, ஐயனாரோட கோவமோ?" என்று பாலன் கூப்பிட்டான். "வாற கிழமை யானைக்கு என்ன சொல்லப்போறியள்?"

பரமலிங்கம் திரும்பிப் பார்த்தார். "ஏன் டிறைவர், எல்லாரும் அதில நிக்கிறவையோ?"

"நிக்கிறவை ஐயா."

"நீர் நிக்கேல்லை?"

"நான் வேதக்காறன் ஐயா, மாதா கோயில்."

இந்தப் பதில் பரமலிங்கத்துக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. பகுத்தறிவைப் பற்றி இரண்டு மைல் பேசினார். மூன்றாம் மைலில் கார் கொதித்து நின்றது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. கொதித்தாறின தண்ணீர் இரண்டு போத்தலும் றேடியேற்றருக்குள் போயின. பரமலிங்கம் பின்னேரம் வரை தாகத்தோடு இருந்தார், யாக்கோப்பரும் அப்படியே. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் யாக்கோப்பர் யானையைத் தேடினார் என்பதைப் பரமலிங்கம் அறியவில்லை. கல்லைத் தேடுகிறார் என்று நினைத்திருக்கலாம்.

அறிக்கை போயிற்று. "பொருளாதாரப் பயனுள்ள அளவில் சுண்ணக்கல் இல்லை" என்று முடிகிறது. அடுத்த மாதம் காணிக் கச்சேரியில் ஏரம்புவின் பெயரைக் கூப்பிட்டார்கள், பேர்மிற் கிடைத்தது. பாலன் சொன்னபடி யாக்கோப்பர் நிற்காமல் போனது ஏனென்று ஏரம்புவுக்கும் இராசமலருக்கும் தெரியாது. மரியாதை மறந்துபோனார் என்று ஏரம்பு கொஞ்ச நாள் மனம் நொந்தார் என்றும் கேள்வி.

பயணத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யாக்கோப்பர் பூசைக்குப் போகவில்லை. விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பதினாறு மைல் மிதித்துப்போய், அந்த மரத்தடியில் இரண்டு குழை முறித்து வைத்தார்: ஒன்று தனக்கு, மற்றது பரமலிங்கத்துக்கு.