எங்கள் கதவில் கட்டியிருந்த வேப்பிலை

டில்லியிலிருந்து பார்லிமெண்ட் மெம்பர்கள் எங்கள் குப்பத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், என் அக்கா முதல் வேலையாகப் பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். கமிட்டி என்ன பெண் பார்க்கவா வருகிறது என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வாய் நீளம்.

அறுபதுகளின் கடைசி அது. காத்திவாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. அம்மையை ஒழிப்பதென்று சர்க்கார் ஆட்கள் ஊர் ஊராக அம்மை குத்திக்கொண்டு போன காலம். சில இடங்களில் ஜனங்களை அமுக்கிப் பிடித்துக் குத்துகிறார்கள் என்று புகார் போய், அது நிஜமா என்று விசாரிக்கத்தான் அந்தக் கமிட்டி.

அக்காவுக்கு அப்படித்தான் நடந்திருந்தது. காய்ச்சலில் கிடந்தவளை, விடியற்காலையில் போலீஸோடு வந்து குத்திவிட்டுப் போனார்கள். நான் அன்று மீன்கூடையோடு ராயபுரத்தில் இருந்தேன். குத்திய இடம் சீழ் வைத்துத் தோள் வரை பரவியது. ஆறியபோது தோலெல்லாம் குழி குழியாகத் தழும்பு, விரல்கள் மடங்கவில்லை. இறால் உரித்துப் பிழைத்தவளுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? புருஷனும் கொஞ்ச நாளில் கழன்றுகொண்டான். அவனை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கமிட்டியிடம் என்ன கேட்கப் போகிறாய், பணமா, வேலையா என்றேன்.

"ஒண்ணும் வாணாம். நான் வாணாம்னு சொன்னேனா இல்லியான்னு அவங்க என்னைக் கேக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

அந்த விடியற்காலைக்குப் பிறகு எங்கள் தெரு ஒரு தந்திரம் கற்றுக்கொண்டிருந்தது. ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் போதும், எல்லாக் கதவிலும் வேப்பிலைக் கொத்து ஏறிவிடும். வேப்பிலை கட்டிய வீட்டில் அம்மா இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த வீட்டுக்குள் வெளியாள் நுழையமாட்டான். ஊசி குத்த வருகிறவரும் நம் பக்கத்து ஆள்தானே. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் கோயிலில் சூடம் ஏற்றி, பொய்க்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவிழ்ப்பார்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் பொய் நிஜமாகிவிடும் என்று எல்லாருக்கும் பயம்.

கமிட்டி வரும் அன்று காலையில் அக்கா கதவைத் திறந்தாள். தலையில் ஏதோ உரசியது. வேப்பிலை. நாங்கள் கட்டவில்லை.

தெருவைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு கதவு விடாமல் பச்சைக் கொத்து. வேப்பிலை கட்டினால் தாளிக்கக் கூடாது, அம்மி இழுக்கக் கூடாது, வாசலில் நின்று பேசக் கூடாது. மீன் வாசனை இல்லாமல் எங்கள் தெருவை நான் அதற்கு முன் முகர்ந்ததே இல்லை. நாய்கள் கூட எங்கேயோ போயிருந்தன. அலைச் சத்தம் மட்டும் வீட்டுக்குப் பின்னால் மிகக் கிட்டத்தில் கேட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிய்த்தெறியக் கையை ஓங்கினேன். அக்கா பிடித்துக்கொண்டாள்.

"கட்டுனது எவனா இருந்தா இன்னா, அம்மா பேர்ல கட்டினது. அவுக்காத."

வெயில் ஏறியபோது ஜீப்புகள் வந்தன. தெரு முனையிலேயே நின்றுவிட்டன. இறங்கியவர்களில் ஒரு அம்மாளும் இருந்தார். கூட வந்தவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர், அன்றைக்குப் போலீஸோடு வந்த அதே ஆள். கதவுகளைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். அத்தனை பேரும் ஊசி போட்டுக்கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். இருந்தும் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின.

அக்கா கல்யாணச் சேலையில் தெரு நடுவே நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வூட்ல அம்மாவ வெச்சிக்கினு வெளிய வரலாமாம்மா? உள்ள போ."

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றாள் அக்கா. அவர் எங்கள் கதவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அக்கா சேலையை விலக்கி, கையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் குழிகள் அம்மைத் தழும்பாக அல்லாமல் வேறு எப்படித் தெரியும்? அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனார். பிறகு அக்காவைப் பார்த்து, கோயிலில் கும்பிடுவதுபோலக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஜீப்புகள் போய்ப் புழுதி அடங்கியது. வா போகலாம் என்று நான் கூப்பிட்டேன். அவள் நகரவில்லை. கமிட்டிக்காக எத்தனையோ நாளாக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்ததை, அங்கேயே நின்று, மூடிய கதவுகளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் ஏறவே இல்லை. காய்ச்சல் என்று சொன்னது, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது, சுவரோடு ஒண்டிக்கொண்டது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தது எனக்குத் தெரியும். ஒரு இருமல் கூட இல்லை. அதற்கப்புறம் அவள் சொன்னது எனக்கே புதிது.

"போலீசு என்னைத் தொடவே இல்ல. நான் ஊசி போட்டுக்கலைன்னா எந்தக் கட்டுமரமும் கடலுக்குப் போவாதுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னான். உடனே ரெண்டு பேர் உள்ள வந்து என் கால அமுக்கிப் புட்சிக்கினாங்க. இந்த வூடு. அதோ, அந்த வூடு."

மடங்காத விரல்களோடு அந்தக் கையை நீட்டி இரண்டு கதவுகளைக் காட்டினாள். ஒரு கதவில் மட்டும், ஏற்கெனவே மூடியிருந்த கதவில், உள்தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் கட்டியது எந்தக் கை என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை.

டில்லியில் இதைப் பற்றிக் கேள்வி வந்ததாகவும், ஜனங்கள் மனம் ஒப்பித்தான் குத்திக்கொள்கிறார்கள் என்று மந்திரி பதில் சொன்னதாகவும் பிறகு டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் சொன்னார்கள். அதெல்லாம் பிறகு. மறுநாள் விடிந்ததும் கட்டுமரங்கள் கரை ஏறின. தாழ்ப்பாள் போட்ட அந்த வீட்டுக்காரர் வழக்கம்போல என் கூடையை நிறைத்தார், ஒரு கை இறால் கூடுதலாகவே போட்டார். நான் வாங்கிக்கொண்டு ராயபுரத்துக்கு நடந்தேன்.