துப்புத்துரைக்கு எழுதிய கடிதம்

போன வருஷம் விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பழைய ரேடியோ நாடகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் அந்தத் துப்பறியும் தொடரின் ஆரம்பத்தை வாயாலேயே செய்து காட்டினார். முதலில் நாய் குரைக்கும். பிறகு சரளைக்கல்லில் மூன்று காலடிச் சத்தம். கதவு கிறீச்சிடும். கடைசியாக அந்தக் கனத்த குரல், "உள்ளே வரலாமா?" என்று கேட்கும். எல்லோரும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். அந்தத் துப்பறிபவரின் படம் போட்ட தீப்பெட்டி லேபிளை இன்றைக்கும் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களாம். "அந்த லேபிளை ஒட்டுன கையி நீங்க. அதையெல்லாம் எழுதி வைக்கணும்" என்றார்கள். எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்தது இது இல்லை.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் எங்கள் ஊர். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா கூலிக்குக் காடு உழப் போவார். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் பள்ளிக்கூடமே போனதில்லை. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனவள், என்னை எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து குச்சி அடுக்க ஆரம்பித்தேன். அது ஐம்பதுகளின் கடைசி.

அதற்கு முந்தின வருஷம்தான் அக்கா புருஷன், எங்கள் மச்சான், காணாமல் போனார். லாரியில் கிளீனர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாகப்பூருக்குப் போனார். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. டிரைவர் எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"வழியில டீக்கு நிறுத்துனோம்மா. ஒதுங்கிட்டு வாரேன்னு போனான். வரவேயில்ல. பொழுது சாயிற வரைக்கும் பாத்தேன். லோடு நிக்குதே, நா என்ன செய்ய?"

"என்னமும் சொன்னாகளா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுஞ் சொல்லல. துண்டைக்கூட சீட்டுலதான் போட்டுட்டுப் போனான்."

அந்தத் துண்டை அவர் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டேஷனுக்குப் போனோம். "எங்கனயோ வடக்க காணாமப் போனா இங்கன நாங்க என்னம்மா செய்ய? வீட்டுல சண்டையா?" என்று கேட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அக்கா, லோடு ஏற்ற எந்த லாரி வந்தாலும் போய் நின்று டிரைவர்களிடம் விசாரிப்பாள். "இடது காதுல கீழ லேசாக் கிழிஞ்சிருக்கும். பேசுறதுக்கு முன்னாடியே சிரிப்பாக." அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஆபீஸ் முதலாளி கொட்டகையில் ஒரு ரேடியோப் பெட்டியும் ஒலிபெருக்கிக் குழாயும் வைத்தார். பேச்சுச் சத்தம் குறையும், வேலை ஓடும் என்று அவர் கணக்கு. கடல் தாண்டி வரும் தமிழ் நிகழ்ச்சி பகலிலேயே எங்கள் பக்கம் துல்லியமாகக் கேட்கும். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பல்பொடிக் கம்பெனி நடத்திய அந்தத் துப்பறியும் நாடகம் வரும். துப்பறிகிறவருக்கு நாடகத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். எங்கள் பெண்கள் அவரைத் 'துப்புத்தொரை' என்றார்கள். அவர் "இங்கேதான் ஒரு சிறிய சந்தேகம்" என்று இழுத்தால் கொட்டகையில் அறுபது பெண்களின் கையும் நின்றுவிடும். கணக்கப்பிள்ளை கத்துவார். அப்புறம் அவரும் குழாய்க்குக் கீழே வந்து நின்றுகொள்வார்.

அக்காவைப் போல அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. மற்றவர்களுக்கு அது கதை. அக்காவுக்கு அவர் ஒரு ஊரில் இருக்கிற, வேலை தெரிந்த மனுஷன். நாடகம் என்றால் என்ன என்று நான் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "நடிக்கிறதுன்னா கூத்து. இது கூத்தா? கூத்துன்னா பாட்டு வரும்லா?" என்றாள். அவரை மாதிரியே யோசிக்கவும் பழகினாள். ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "துண்டை விட்டுட்டுப் போனவுக திரும்பி வாரதுக்குத்தான போயிருக்காக. ஓடிப் போறவுக துண்டை எடுத்துக்கிட்டுல்ல போவாக?" போலீஸ்காரர் யாருக்கும் தோன்றாதது அது.

நாடகம் ஊரெல்லாம் பிரபலமானதைப் பார்த்து முதலாளி துப்புத்துரை படம் போட்டு லேபிள் அடித்தார். ரேடியோவில் முகம் ஏது? படம் வரைந்தவர் தன் இஷ்டத்துக்குப் பெரிய மீசை வைத்து, கோட்டு மாட்டி, கையில் டார்ச் லைட்டைக் கொடுத்திருந்தார். சிவப்பும் மஞ்சளுமாக அழகாகவே இருந்தது. பெண்கள் தூக்குச்சட்டி மூடியில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நானும் அக்காவும் லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றப்பட்டிருந்தோம். ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் தடவை அவர் முகத்தில் பசை தடவினோம்.

ஒரு சனிக்கிழமை, ஏழு வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒருவரைத் துப்புத்துரை ஒரு சட்டைப் பொத்தானை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஏ புள்ள, அவுகளுக்கு ஒரு கடுதாசி எழுது."

நான் எழுதமாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எழுதினேன். திங்கட்கிழமை கொட்டகையில் எல்லோரும் கூடிக்கொண்டார்கள். காது கிழிந்ததை எழுது, கத்தரிக்காய் தொடமாட்டார் என்பதை எழுது, எந்த நாயைப் பார்த்தாலும் 'மணி' என்றுதான் கூப்பிடுவார், அதையும் எழுது. அக்கா துண்டைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். இரண்டு பக்கம் நிறைந்தது. ரேடியோவில் சொல்கிற விலாசத்தை எழுதி, சிவகாசி போஸ்ட் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் நேராக ஆபீசுக்கே வந்து அக்கா கையில் கொடுத்துவிட்டார். ஒரு படக் கார்டு. தொப்பி வைத்த, மீசையில்லாத ஒருவரின் போட்டோ. பின்னால் அச்சில் இரண்டே வரி: 'தங்கள் அன்புக்கு நன்றி. தொடர்ந்து கேளுங்கள்.' கீழே அச்சிட்ட கையெழுத்து. எழுதினவர்களுக்கெல்லாம் அனுப்புகிற கார்டு.

"மீசையைக் காணோம்?" என்றாள் ஒருத்தி.

"மாறுவேசம்" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம் நீட்டினாள். "படி."

அறுபது பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளையும் நிற்கிறார். அக்கா வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அத்தனை பேர் என் வாயைப் பார்த்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் மீதிப் பாதி.

"அன்புள்ள சகோதரிக்கு" என்று ஆரம்பித்தேன். அவர் குரலிலேயே இழுத்து இழுத்துப் பேசினேன். "தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தத் துண்டைப் பற்றி நீங்கள் நினைத்தது சரி. தங்கள் கணவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காலம் ஆகலாம். தைரியமாக இருங்கள்."

கொட்டகை அதிர்ந்தது. ஒருத்தி குலவை போட்டாள். அக்கா அழவில்லை. கார்டை வாங்கி முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, போய் வேலையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் ஒட்டின வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் அப்படியே போனது. லாரிக்காரர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். தேடுவதற்குத்தான் ஆள் இருக்கிறதே.

வெம்பக்கோட்டையிலிருந்து ஒருவர் அக்காவைக் கேட்டு வந்தார். மனைவி இறந்துபோனவர், ஒரு பெண் குழந்தை, அணைக்கரைப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம். நல்ல மனிதர். எங்களில் மறுபடி கட்டிக்கொடுக்கிற வழக்கம் உண்டு. அப்பாவுக்கு அவரைப் பிடித்துப் போனது. அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"தேடிக்கிட்டிருக்கேன்னு எழுத்துல குடுத்திருக்காக. நாளைக்கே அவுக வந்து நின்னா நா எந்த மொகத்த வச்சுக்கிட்டு நிக்க?"

அன்று சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்குப் படிக்கத் தெரியாது தாயி. நீ சொல்லு. அந்தக் கார்டுல நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கா?"

உண்மையைச் சொல்வதற்குக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த இடம் அது. எனக்கு அப்போது காரியாபட்டியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பொய்க்காரி என்று ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும், அது காரியாபட்டி வரைக்கும் போகும் என்று பயந்தேன்.

"ஆமாப்பா" என்றேன்.

அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வெம்பக்கோட்டைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த தை மாதம் அவர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நாடகம் நின்றது. பெரிதாக ஒன்றும் இல்லை. துப்பறிபவர் ஒரு வழக்கை முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். "இத்துடன் இந்தத் தொடர் நிறைவு பெறுகிறது" என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறு சனிக்கிழமை அதே நேரத்துக்குச் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். பெண்கள் இரண்டு வாரம் குறைப்பட்டுக்கொண்டு, பாட்டுக்குப் பழகிக்கொண்டார்கள். லேபிளையும் முதலாளி மாற்றிவிட்டார். கிளி படம் வந்தது.

கிளி லேபிள் ஒட்டின முதல் நாள், வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா கேட்டாள். "அப்போ அவுகளத் தேடுறது யாரு?"

நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் சொன்ன பொய் உட்பட. அக்கா என் பக்கத்தில் நின்று கேட்டாள். நான் எழுந்திருக்கும் வரை நின்றாள், பிறகு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"வெரல வச்சுப் படி."

ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். தங்கள். அன்புக்கு. நன்றி. தொடர்ந்து. கேளுங்கள்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதாங்க்கா."

"நீ அன்னைக்கு ரொம்ப நேரம் படிச்சியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

அவள் என்னை அடித்திருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. மறுநாள் ஆபீசுக்கு வந்தாள். யார் கேட்டாலும் "தேடுதாகளாம்" என்றே சொன்னாள். அது என்னைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் அவள்தான் ஓடி ஓடி வேலை செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தாளையும் என்னிடம் கொடுத்துப் படி என்று அவள் சொன்னதே இல்லை. ரேஷன் கார்டாக இருந்தாலும் தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்தான் காட்டுவாள்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், கேட்கவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். நான் காரியாபட்டியிலிருந்து வந்து கூட இருந்தேன். மச்சானைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. காலைப் பிடித்துவிடச் சொன்னாள், கஞ்சி சூடாக இல்லை என்றாள். பதினோராம் நாள் காலையில் போய்விட்டாள். முப்பத்தொரு வயது இருக்கும்.

ஊருக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டின பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பூவும் பொட்டும் வைத்துச் சுமங்கலியாக அனுப்புவதா, வேண்டாமா?

"புருசன் செத்ததப் பாத்தவுக யாரு? பொட்டு வையிங்க" என்றாள் ஒருத்தி.

"இருக்கிறதப் பாத்தவுக யாரு?" என்றாள் இன்னொருத்தி. "பன்னெண்டு வருசமாச்சு."

"தேடிக்கிட்டிருந்தாகளே, ஒரு பதிலும் வரலையா?" என்று ஒரு கிழவி என்னைக் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியல" என்றேன். அதுதான் உண்மை. அது யாருக்கும் உதவவில்லை.

ஒருத்தி நெற்றியில் குங்குமம் வைத்தாள். பூ வைக்கப் போனவளின் கையை மற்றவள் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறுகிறது என்று ஆண்கள் வாசலில் சத்தம் போட்டார்கள். பொட்டோடும், பூ இல்லாமலும் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாலியைக் கழற்றுவதா என்று கேட்டபோது அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தாலியும் அவளோடு போனது.

மச்சான் இருந்தாரா, இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.